பிள்ளைகளிடம் குடிபெயர்தல்: மூடிய எல்லைகள் கற்பித்தவை

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற்கு முன்பு, வெளிநாட்டில் பிள்ளைகள் வாழும் பெற்றோரின் பயணங்கள் ஓர் ஒழுங்கில் நடந்துவந்தன. பேரக் குழந்தை பிறந்தால் ஆறு மாதம்; கோடைக்கு மூன்று மாதம்; உடல் தளர்ந்தபின் ஒரேயடியாகப் பிள்ளையிடமே போய்ச் சேர்வது. இந்த மூன்றாவது பயணத்தைப் பற்றிய பேச்சு மயிலாப்பூரிலும் ஸ்ரீரங்கத்திலும் கும்பகோணத்திலும் எத்தனையோ இல்லங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். "அடுத்த தை பிறக்கட்டும், பார்க்கலாம்" என்று தள்ளிப்போடப்படும். விமானம் என்றைக்கும் இருக்கிறது, நினைத்தால் புறப்பட்டுவிடலாம் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை.

அந்த நம்பிக்கை பன்னிரண்டே நாட்களில் ஆட்டங்கண்டது. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 20 இரவு ஆஸ்திரேலியா, தன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அல்லாதோருக்கு எல்லையை மூடியது. அதே நாளில் அமெரிக்கத் தூதரகங்கள் வழக்கமான விசாப் பணிகளை நிறுத்தின. மார்ச் 23 முதல் இந்தியாவிலிருந்து வழக்கமான பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றன. ஒரு வாரத்திற்கு என்று தொடங்கிய அந்த நிறுத்தம், 2022 மார்ச் 27 அன்றுதான் முழுமையாக விலகியது. இடைப்பட்ட ஈராண்டுகளில் மே 7 முதல் 'வந்தே பாரத்' மீட்பு விமானங்களும், ஜூலை முதல் சில நாடுகளுடன் செய்துகொண்ட தனி ஏற்பாட்டு விமானங்களும் மட்டுமே பறந்தன.

நோயின் கொடுமை ஒருபுறம் இருக்க, குடிபெயர எண்ணியிருந்த முதியோருக்கு அதில் மற்றொரு முரணும் இருந்தது. ஊரடங்கில் வேலையாள் வரவில்லை, மருந்து வாங்கித் தர ஆளில்லை, கோயிலும் திறக்கவில்லை. பிள்ளையிடம் சென்றுவிட வேண்டும் என்ற தேவை முன்னெப்போதையும்விட மிகுந்த அதே நாளில், செல்லும் வழி அடைபட்டது. அவசரமும் தடையும் ஒன்றாக வந்த அந்தக் காலத்தில், எந்தச் செயலை முதலில் செய்தார்கள், எதைக் கடைசிக்கு வைத்தார்கள் என்பதைப் பொறுத்தே பல குடும்பங்களின் நிம்மதி அமைந்தது.

அன்று உடலைச் சோதித்தார்கள்

தொற்றுநோய்க் காலத்தில் கடல் கடப்பது தமிழருக்குப் புதிதன்று. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது, மறு ஆண்டே தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. 2020இலும் அரசுகள் கையில் எடுத்தது அந்த 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள், ராமேசுவரத்திற்கு முந்திய மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். நோய் இல்லை என்று தெரிந்த பின்பே அக்கரைக்கு அனுப்பப்பட்டார்கள். மலாயாவுக்குக் கப்பலேறியவர்களுக்குப் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவும், சிங்கப்பூர் சென்றவர்களுக்குச் செயின்ட் ஜான்ஸ் தீவும் இத்தகைய தங்கல் இடங்களாக இருந்தன.

அந்த முகாம்களில் பட்ட துன்பம் சிறிதன்று. ஆயினும் அங்கே கேட்கப்பட்ட தலையாய கேள்வி, "உன் உடலில் நோய் இருக்கிறதா?" என்பது. 2020இல் எல்லையில் கேட்கப்பட்ட முதற்கேள்வி வேறு. "நீங்கள் இந்நாட்டில் வாழ்பவருக்கு என்ன உறவு? அதற்கு என்ன சான்று?" என்பதே அது. பதினான்கு நாட்கள் விடுதியில் தனித்திருக்க அணியமாக இருந்த பெற்றோரும் இக்கேள்வியில்தான் தடுக்கப்பட்டார்கள்.

'குடும்பம்' என்ற சொல்லுக்கு வெளியே

ஆஸ்திரேலிய விதிகளில், விலக்கு பெற்று உள்ளே வரத்தக்க 'நெருங்கிய குடும்பம்' என்பது வாழ்க்கைத்துணை, சார்ந்திருக்கும் குழந்தைகள், சிறுவர்களின் சட்டப்படியான காப்பாளர் என்ற அளவில் நின்றது. வயது வந்த மகனின், மகளின் பெற்றோர் அந்த வட்டத்திற்குள் இல்லை. தாய் தந்தையை முதலில் வைத்தே குடும்பத்தை எண்ணிப் பழகிய நம் மரபினருக்கு இது எளிதில் விளங்கவில்லை. 2021 நவம்பர் 1 முதல்தான் பெற்றோர் அவ்வட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். ஏறத்தாழ 19 மாதங்கள் ஒரு சொல்லின் வரையறைக்காகக் காத்திருக்க நேர்ந்தது. பிள்ளைகளே இங்கு வந்து பார்த்துச் செல்லலாம் என்றால், அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளியேறவும் அதே காலத்தில் தனி அனுமதி தேவைப்பட்டது.

2021இல் இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்தபோது நிலைமை இன்னும் இறுகியது. மே 3 முதல் 15 வரை, இந்தியாவில் இருந்துவிட்டு 14 நாட்களுக்குள் ஆஸ்திரேலியா வருவோர் சொந்தக் குடிமக்களானாலும், ஐந்தாண்டுச் சிறையோ 66,600 டாலர் அபராதமோ விதிக்கப்படலாம் என்று அந்நாடு அறிவித்தது. ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் வரை கனடா இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களை நிறுத்தியது. ஏப்ரல் 23 முதல் பிரிட்டன் இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் வைத்தது.

அமெரிக்காவில் மகனோ மகளோ குடியுரிமை பெற்றிருந்தால், பெற்றோருக்கான குடியேற்ற விசாவுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஆனால் 2020 ஏப்ரல் 22 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை குடியேற்ற விசாக்களை நிறுத்திவைத்தபோது, குடிமக்களின் வாழ்க்கைத்துணைக்கும் 21 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் விலக்குத் தந்தது; பெற்றோருக்குத் தரவில்லை. 2021 பிப்ரவரி 24 அன்றுதான் அந்த ஆணை நீக்கப்பட்டது. ஏற்கெனவே 'கிரீன் கார்டு' பெற்று, ஊர்க்காரியமாக இந்தியா வந்து சிக்கிக்கொண்ட முதியோருக்கு வேறொரு கவலை. ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் அந்த அட்டையை மட்டும் காட்டித் திரும்ப இயலாது. அதைத் தவிர்க்க உதவும் மறுநுழைவு அனுமதியையோ, அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும்.

காலாவதியாகும் காகிதங்கள்

குடிபெயரும் ஏற்பாட்டில் இருவகை ஆவணங்கள் உண்டு. ஒருவகை என்றைக்கும் செல்லும். மற்றொருவகை நாள் கணக்கில் காலாவதியாகும். இந்த வேறுபாட்டைப் பெருந்தொற்று நன்கு உணர்த்தியது.

பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, பெயர் ஒற்றுமை ஆகியவை முதல்வகை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மணந்த தம்பதியர் பலரிடம் அழைப்பிதழும் புகைப்படமும் இருக்கும். பதிவுச் சான்று இருக்காது. பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழே ஆதாரம். தமிழ்ப் பெயர்களின் தலைப்பெழுத்து இன்னொரு சிக்கல். ஆதாரில் ஓரெழுத்தாக நிற்பது, கடவுச்சீட்டில் தந்தை பெயராக விரிந்திருக்கும். மனைவியின் பெயருக்குப் பின் கணவர் பெயர் ஓரிடத்தில் இருக்கும், மற்றோரிடத்தில் இராது. 2021இல் தடுப்பூசிச் சான்றிதழ் ஆதாரின்படி வந்தபோது, கடவுச்சீட்டின் பெயரோடு பொருந்தாமல் பலர் அல்லற்பட்டனர். இவற்றையெல்லாம் பயணம் உறுதியாவதற்கு முன்பே, அமைதியான காலத்திலேயே சரிசெய்துவிடலாம்.

மருத்துவப் பரிசோதனையும் காவல்துறை நன்னடத்தைச் சான்றும் இரண்டாம் வகை. ஆஸ்திரேலிய விசாவுக்கு இவை பொதுவாக 12 மாதங்கள் செல்லும். அமெரிக்கக் குடியேற்ற விசாவே பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் பயன்படுத்தப்பட வேண்டியது. எல்லை மூடியிருந்த காலத்தில் இவை காலாவதியாக, மீண்டும் கட்டணம், மீண்டும் பரிசோதனை என்று தொடங்க நேர்ந்தவர்கள் உண்டு. காலாவதியாகும் காகிதத்தைக் கேட்கும்போது மட்டும் எடுப்பதே முறை.

தடுப்பூசியும் ஓர் ஆவணமாயிற்று. 60 வயது கடந்தோருக்கு 2021 மார்ச் 1 முதல் ஊசி போடப்பட்டபோது, அருகிலிருந்த மையத்தில் எது கிடைத்ததோ அதையே முதியோர் ஏற்றுக்கொண்டார்கள். பின்னர், கோவிஷீல்டை ஆஸ்திரேலியா அக்டோபர் 1 அன்று ஏற்றது. கோவேக்சினை நவம்பர் 1 அன்றுதான் ஏற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலும் கோவேக்சினுக்கு நவம்பர் 3 அன்றே கிட்டியது. தெருமுனை முகாமில் செலுத்தப்பட்ட ஊசியின் பெயர், பேரனைப் பார்க்கும் நாளைத் தீர்மானித்தது.

மீட்க முடியாததைக் கடைசியில்

எல்லைகள் மூடியதால் மிகுதியாகத் துன்புற்றவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் ஒன்று புலப்படும். விசா கைக்கு வருமுன் வீட்டை விற்று, பாத்திர பண்டங்களைக் கொடுத்து, உறவினர் வீட்டில் சில வாரங்கள் தங்கிப் புறப்படலாம் என்று இருப்பவர் அத்தகைய காலத்தில் அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் நிற்பார். வீட்டைப் பூட்டிச் சாவியை வைத்திருப்பவருக்கோ, காத்திருப்பது வருத்தமே தவிர வறுமையன்று.

ஆகவே ஒவ்வொரு செயலைத் தொடங்கும்போதும், "இதை மாற்ற நேர்ந்தால் முடியுமா?" என்று கேட்டுக்கொள்ளலாம். மாற்றக்கூடியவை முதலில், மாற்ற இயலாதவை அங்கு சென்று ஓராண்டேனும் வாழ்ந்து பார்த்த பின்.

விளைநிலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பரம்பரையாக வந்த, அல்லது இந்தியவாசியாக இருந்தபோது வாங்கிய நிலத்தை வெளிநாடுவாழ் இந்தியர் தொடர்ந்து வைத்திருக்கலாம். புதிதாக விளைநிலம் வாங்க அவருக்கு அனுமதியில்லை. எனவே புறப்படும் வேகத்தில் விற்ற காணியை, வெளிநாட்டில் வாழும்வரை ஈடுசெய்ய இயலாது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் வெளிநாடுவாழ் இந்தியர் புதிய கணக்குத் தொடங்க முடியாது.

வங்கிக் கணக்குகளில் செய்ய வேண்டியவை எளியவை. ஆனால் இங்கு இருக்கும்போதே செய்ய வேண்டியவை. நிலையாகக் குடிபெயர்ந்தவரின் சேமிப்புக் கணக்கை 'என்ஆர்ஓ' கணக்காக மாற்ற வேண்டும். ஓய்வூதியமும் வாடகையும் அதில் தொடர்ந்து வரவாகலாம். தேவைப்பட்டால் அதிலிருந்து உரிய வரிச் சான்றுகளுடன் ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். ஆதலால் இருப்பு முழுவதையும் அவசரமாகக் கொண்டுசெல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலோருக்கு இல்லை. ஒவ்வொரு கணக்கிலும் நியமனதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈராண்டுகள் வாடிக்கையாளர் தாமாக எதுவும் செய்யாத சேமிப்புக் கணக்கு செயலற்ற கணக்காகிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சிறியதாகத் தோன்றும் கைப்பேசி எண் இன்று பெட்டகத்தின் சாவிக்கு நிகர். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்கே வரும். வெளிநாட்டிலும் செய்தி பெறும் வசதியுடன், இடைவிடாது கட்டணம் செலுத்தி அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் எண் வேறொருவருக்குப் போய்விடும்.

ஓய்வூதியர் ஆண்டுதோறும் நவம்பரில் அளிக்கும் வாழ்நாள் சான்றை வெளிநாட்டிலிருந்து இந்தியத் தூதரகம் வழியாகவும் தரலாம். 2020இல் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு இக்கெடு முதலில் டிசம்பர் 31 வரையும், பின்னர் 2021 பிப்ரவரி 28 வரையும் நீட்டிக்கப்பட்டது. இத்தகைய சலுகை ஒவ்வொரு முறையும் கிடைக்கும் என்று எண்ணியிருக்க இயலாது.

இங்குள்ள சொத்தைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கைக்குரிய ஒருவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தருவது வழக்கம். வீட்டைப் பராமரிக்கவும் வாடகை வாங்கவும் மட்டும் அதிகாரம் தந்து, விற்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்வது நலம். எழுதித் தந்தவர் மறைந்த கணமே பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். ஆகையால் அது உயிலுக்கு மாற்றாகாது. வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டையும் அவசரப்பட்டு விடலாகாது. தற்காலிக விசாவில் செல்லும் பெற்றோருக்கு ஆஸ்திரேலியப் பொது மருத்துவக் காப்பீடு கிட்டுவதில்லை. இந்தியப் பாலிசியை இடையில் நிறுத்திவிட்டு, எழுபதைக் கடந்து திரும்பி வந்து புதிதாகக் கேட்டால், பழைய நோய்களுக்கு மீண்டும் காத்திருப்புக் காலம் தொடங்கும். சில ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும், திரும்பி வரும் வழிக்கான சுங்கமாக அதைக் கருதலாம்.

பூஜையறையைப் பெயர்த்தெடுக்கும்போது

வீட்டை மூடுவதில் மனத்தை மிகவும் உலுக்குவது பூஜையறை. தலைமுறைகளாக ஆராதிக்கப்பட்ட விக்கிரகத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றுவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பங்களையும் உலோகத் திருமேனிகளையும் ஓவியங்களையும் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லக் கூடாது. கொள்ளுப்பாட்டனார் காலத்து விக்கிரகமானால், தொல்லியல் துறையிடம் காட்டி, அது தொல்பொருள் அன்று என்ற சான்று பெற முடியுமா என்று முன்னதாகவே கேட்க வேண்டும். பெற இயலாதாயின், இங்கேயே ஆராதனை தொடரும் ஓர் உறவினர் இல்லத்தில் எழுந்தருளச் செய்வதே தக்கது.

ஆஸ்திரேலியா செல்வோர் ருத்ராட்சம், துளசிமணி, தர்ப்பை, நவதானியம், மரப்பொருள்கள் ஆகியவற்றை வந்திறங்கியதும் அதிகாரிகளிடம் எழுதி அறிவிக்க வேண்டும். மறைத்தால் அபராதம் உண்டு. அறிவித்தபின் அனுமதிப்பதும் மறுப்பதும் அவர்கள் பொறுப்பு. கற்பூரம் எளிதில் தீப்பற்றுவதால் விமானத்திற்கு ஏற்றதன்று.

இதனால் வழிபாடு குன்றிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நியூயார்க் ஃபிளஷிங் கணபதி ஆலயம் 1977இலும், சிட்னியை அடுத்த ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் ஆலயம் 1985இலும் குடமுழுக்குக் கண்டவை. 2020 மே 4 அன்று மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர் கூட்டமின்றிச் சில சிவாச்சாரியார்களைக் கொண்டு நடந்து, நேரலையாக ஒளிபரப்பாயிற்று. அன்று மாசி வீதியில் வாழ்ந்தவரும் மெல்போர்னில் வாழ்ந்தவரும் ஒரே திரையில்தான் அன்னையைத் தரிசித்தார்கள்.

பேசத் தயங்கும் பேச்சு

இத்தனை ஏற்பாட்டிலும் பெரும்பாலான குடும்பங்கள் பேசாமல் விடுவது ஒன்றுண்டு. அங்கு சென்றபின் இருவரில் ஒருவர் காலமானால் என்ன செய்வது? அல்லது செல்வதற்கு முன்பே இங்கு ஒருவர் காலமாகி, பிள்ளை வர இயலாமற்போனால்?

2020 மார்ச் 13 முதல், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் வைத்திருந்த ஓசிஐ அட்டையின் விசா இல்லா நுழைவு நிறுத்திவைக்கப்பட்டது. குடும்பத்தில் மரணம் போன்ற நெருக்கடிக்கு மே 22 அன்றுதான் தளர்வு வந்தது. எல்லா அட்டைதாரருக்கும் அக்டோபரில் வழி திறந்தது. இடைப்பட்ட நாட்களில் எத்தனையோ பெற்றோரின் இறுதிக் காரியங்களைத் தம்பி மகனும் அக்காள் மகனும் அண்டை வீட்டாரும் செய்தார்கள். கடல் கடந்த பிள்ளை கைப்பேசித் திரையில் பார்த்து அழுதான். "யார் செய்வது?" என்று முன்னரே பேசிவைத்த இல்லங்களில் துக்கம் மட்டும் இருந்தது. பேசாத இல்லங்களில் துக்கத்தோடு குழப்பமும், ஆறாத குற்ற உணர்வும் சேர்ந்தன.

அதற்கும் முந்திய கேள்வி, புறப்பட உண்மையில் விருப்பமா என்பது. தந்தை சரி என்றால் தாயும் சரி என்று கொள்வது நம் வீடுகளின் பழக்கம். தினமும் கோலமிட்டு, பூக்காரியோடு பேசி, மாலையில் கோயில் பிராகாரம் சுற்றும் தாய்க்கு, மகன் மருமகள் இருவரும் வேலைக்குச் சென்றபின் ஓசையற்ற தெருவில் நீளும் பகற்பொழுது எப்படி இருக்கும் என்பதைத் தனியே கேட்க வேண்டும். குடியுரிமையை மாற்றாமல் நிரந்தர வசிப்புரிமை மட்டும் பெற்றவர் இந்தியக் குடிமகனாகவே நீடிக்கிறார்; பிடிக்காவிட்டால் எவர் அனுமதியுமின்றித் திரும்பி வரலாம். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், அந்த ஒரு படியை முதியோர் மிக நிதானமாக எண்ண வேண்டும்.

இவை அனைத்தையும் ஒரே தாளில் எழுதிவைப்பது நல்லது. எந்தக் கணக்கு எங்கே, நியமனதாரர் யார், வீட்டுச் சாவி யாரிடம், விக்கிரகம் எவர் இல்லத்தில், காரியம் செய்ய வேண்டி வந்தால் யார், அஸ்தி எங்கே கரைக்கப்பட வேண்டும், எத்தனை மாதம் வாழ்ந்து பார்த்தபின் வீட்டைப் பற்றி முடிவெடுப்பது என்று எழுதி, கணவன் மனைவி இருவரும் தனித்தனியே படித்துக் கையொப்பமிட வேண்டும். பயணச்சீட்டு வாங்குவது அதற்குப் பிறகு.